வலத்தடத்தை விட்டு விலகாத வாகனங்கள்: சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அனுபவங்கள்

செங்கைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மாதம் இருமுறையாவது செங்கல்பட்டிலிருந்து திருச்சிக்குக் காரில் சென்று திரும்புகிறவன் நான். பதினோரு ஆண்டுகளாக இதே சாலைதான். எண்களை எத்தனை முறை மாற்றினாலும் எங்கள் வீட்டில் அதற்கு இன்றும் என்.எச். 45 என்றுதான் பெயர். நான்குவழிச் சாலை, நடுவே அரளி பூத்த திட்டு, பெரும்பாலும் குறைசொல்ல முடியாத தார்ப்பரப்பு என்று எல்லாம் இருந்தும், இந்தப் பயணத்தில் என்னை அதிகம் களைப்படையச் செய்வது வலத்தடத்தில் ஊர்ந்துகொண்டே செல்லும் வாகனங்கள்தாம்.

கடந்த சனிக்கிழமை காலை வேப்பூருக்கும் தொழுதூருக்கும் இடையே ஒரு பல சக்கர டாரஸ் லாரி, நடுத்திட்டை ஒட்டியபடியே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. இடத்தடம் கண்ணுக்கெட்டிய வரை காலியாக இருந்தது. ஹாரன் அடித்தேன், முன்விளக்கை விட்டுவிட்டு ஒளிரவிட்டு டிப்பர் அடித்தேன், நான்கு கிலோமீட்டர் பின்தொடர்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பது எனக்கே தெரிந்தது, ஆனாலும் லாரி விலகவில்லை. பொறுமை இழந்து இடப்புறமாக முந்தினேன். லாரியின் முன்சக்கரத்துக்கு இணையாக வந்த நேரத்தில், இருபுறமும் பால் கேன் கட்டிய பைக் ஒன்று அதே இடத்தடத்தில் எதிர்த்திசையில் என்னை நோக்கி வந்தது. அவர் மண்ணில் இறங்கினார், நான் லாரிப் பக்கம் ஒதுங்கினேன், ஒரு கை அகல இடைவெளியில் இருவரும் பிழைத்தோம். அதன் பிறகு தொழுதூர் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்க விரும்புவது இரண்டு. மெதுவாகச் செல்லும் வாகனம் வலத்தடத்தில் தொடர்ந்து செல்வது சட்டப்படி குற்றமா? குற்றமென்றால், அனுபவமுள்ள லாரி ஓட்டுநர்கள்கூட ஏன் அதையே செய்கிறார்கள்? வசைகள் வேண்டாம், காரணம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குடந்தையான்

காரணம் என்ன பெரிய காரணம், அலட்சியம்தான். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு காவலரை நிறுத்தி, வலத்தடத்தில் வரும் லாரிகளுக்கெல்லாம் அபராதம் விதித்தால் ஒரே வாரத்தில் சாலை சீராகிவிடும்.

சட்டப்புள்ளி

சுங்கச்சாவடிக்குள் எல்லா வாகனங்களும் எல்லாத் தடங்களிலும்தான் வரும் என்பதால், குடந்தையானின் யோசனையை நிறைவேற்றுவது கடினம். செங்கைவாசியின் முதல் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தியாவில் வண்டியை எவ்வளவு இயலுமோ அவ்வளவுக்குச் சாலையின் இடப்புறத்தை ஒட்டி ஓட்ட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே முதலில் சொல்லப்பட்ட கடமை. முந்துவது வலப்புறமாக, ஆனால் முன்னால் செல்பவர் வலப்பக்கம் திரும்புவதற்குச் சைகை காட்டி நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் அவரை இடப்புறமாகக் கடக்கலாம். முந்தப்படுகிறவர் தம் வேகத்தைக் கூட்டியோ வேறு வகையிலோ முந்துபவரைத் தடுக்கக் கூடாது என்றும் அதிலேயே உண்டு. அந்த விதிகளின் இடத்தில் 2017-ஆம் ஆண்டு புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றை மீறுவோருக்கென்றே 2019-ஆம் ஆண்டின் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 177அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடமளிக்கிறது.

எனவே சட்டம் இருக்கிறது. ஆனால் வேகத்தை ஒரு கருவி ஒரே நொடியில் அளந்துவிடுகிறது. தடத்தை மறித்தல் என்பதை நிறுவ, ஒரு வாகனத்தைச் சில நிமிடங்களாவது தொடர்ந்து கவனித்து, இடத்தடம் உண்மையிலேயே காலியாக இருந்தது என்று காட்ட வேண்டும். பிரிட்டனில் 2013 ஆகஸ்டு முதல் நடுத்தடத்தை மறித்துச் செல்வோருக்கு அங்கேயே 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் மூன்று புள்ளிகளும் என்று வைத்திருக்கிறார்கள். அங்கும் அது காவலரின் நேரடிக் கவனிப்பைப் பெரிதும் சார்ந்த நடவடிக்கைதான்.

இன்னொன்று. நீங்கள் இடப்புறமாக முந்தியதும் ஆபத்தான செயல்தான். விபத்து நேர்ந்திருந்தால் வழக்கில் கேள்விகள் உங்களை நோக்கியும் வந்திருக்கும்.

பன்னிருசக்கரம்

எனக்கு நாமக்கல் மாவட்டம். லாரியில் ஏறி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. முதல் நான்கு வருடங்கள் கிளீனர், மற்றவை ஓட்டுநர். என் மகன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். ஆகவே எழுத்து நன்றாக இருந்தால் அது அவனுடையது.

செங்கைவாசி தம்பி, நீங்கள் கண்ட அந்தக் காலியான இடத்தடத்தை எங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். இரவு இரண்டு மணிக்கு அந்தத் தடத்தில் பார்க்கிங் லைட் இல்லாமல் ஒரு டிரெய்லர் நின்றுகொண்டிருக்கும். டயர் வெடித்ததற்கு அடையாளமாகப் பின்னால் நான்கு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைத்திருப்பார்கள். முப்பது டன்னுக்கு மேல் ஏற்றிய வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கிளை தென்படும்போது பிரேக் அடித்தாலும் வண்டி நிற்காது. வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். வலப்பக்கத்தில் உங்களைப் போன்றவர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பார். இப்படி ஒருமுறை கண்டவன் அடுத்த வாரத்திலிருந்து நடுத்திட்டை ஒட்டித்தான் ஓட்டுவான். பகலில் பைக்குகள், ஆட்டோ, கரும்பு டிராக்டர், கைகாட்டிய இடத்தில் எல்லாம் நிற்கும் டவுன் பஸ், ஆடு, மாடு, எதிர்த்திசையில் வருகிறவர்கள். வலப்பக்கத்தில் திட்டும் அரளிச் செடியும் மட்டுமே இருக்கும். அவை குறுக்கே ஓடி வருவதில்லை.

அடுத்தது வேகம். பாரம் ஏற்றிய வண்டி அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கிவிட்டால், கியர் கியராக ஏற்றி மறுபடியும் அறுபதைத் தொட ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், டீசலும் போகும். இடத்தடத்தில் ஒவ்வொரு பைக்குக்கும் பிரேக் மிதித்தால் திருச்சி போய்ச் சேரும்போது முதலாளி டீசல் கணக்கைக் கேட்பார். காரில் இருப்பவர்களுக்கு மறுபடி வேகம் எடுப்பது கால் விரலை அழுத்துகிற வேலை.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் இடப்பக்கம் கிளீனர் உட்கார்ந்திருப்பான். கதவைத் தட்டி "வரலாம், வரலாம்" என்பான். அவன்தான் இடப்பக்கத்துக்குக் கண். இன்று நூற்றில் பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் தனியாகத்தான் போகிறார், ஏனென்றால் கிளீனர் வேலைக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் பேட்டா கொடுக்க வாடகை போதுவதில்லை. வலப்பக்க இருக்கையிலிருந்து இடப்பக்கப் பின்சக்கரத்தருகே என்ன இருக்கிறது என்று கண்ணாடி முழுதும் காட்டாது. ஒரு வண்டியை முந்திவிட்டு இடப்பக்கம் திரும்பும்போது, அங்கே ஒரு பைக் இருந்தால் எனக்குச் சத்தம் கூடக் கேட்காது. அந்தப் பயத்தில்தான் பலர் வலத்தடத்திலேயே தங்கிவிடுகிறார்கள்.

இதனால் நாங்கள் செய்வது சரி என்று சொல்ல வரவில்லை. சிலர் உண்மையிலேயே வீம்புக்காக மறிக்கிறார்கள். ஹாரன் அடித்தால் மேலும் மெதுவாக்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக என்னிடம் பதில் இல்லை.

செங்கைவாசி

பன்னிருசக்கரம் அண்ணன் அவர்களுக்கு மிக்க நன்றி. கிளீனர் இல்லாததை இதோடு சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு சந்தேகம்: அந்த லாரி வல இண்டிகேட்டரை இரண்டு முறை ஒளிரவிட்டது. அதைத் திரும்பப் போகிறது என்று எடுத்துக்கொண்டு நான் வேகத்தைக் குறைத்தேன். அதன் பொருள் உண்மையில் என்ன?

பன்னிருசக்கரம்

ஒற்றைச் சாலைக் காலத்துப் பழக்கம் அது, தம்பி. எதிரே வண்டி வரவில்லை, வலப்பக்கமாக ஏறிப் போகலாம் என்பதற்கு வல இண்டிகேட்டர் போடுவோம். வேறு மாநிலத்து ஓட்டுநர் சிலர் அதற்கே இட இண்டிகேட்டர் போடுவார்கள். நடுத்திட்டை ஒட்டிப் போகிற வண்டி வல இண்டிகேட்டர் போட்டால் யூ-டர்ன் எடுக்கப் போகிறது என்றுதான் இன்று அர்த்தம் கொள்ள வேண்டும். உங்களுக்குக் காட்டியவர், இடப்பக்கம் போகாதே என்று சொன்னாரோ என்னவோ. எதிரே பால்காரர் வருவதை உயரத்திலிருந்து அவர் முன்பே பார்த்திருக்கலாம்.

செங்கைவாசி

அண்ணன், கடைசி வரியைப் படித்ததிலிருந்து நான் வேறெதுவும் யோசிக்கவில்லை.

ஊரோரம்

நான் பெரம்பலூர் மாவட்டத்தில், இந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிக்கிறேன். செங்கைவாசி கண்ட பால்காரர் எங்கள் ஊர்க்காரராக இல்லாமல் இருக்கலாம், ஆனால் எங்கள் ஊரிலும் அப்படி நாற்பது பேர் இருக்கிறார்கள்; சில நாள்களில் நானும் அவர்களில் ஒருவன்.

எங்கள் வீடு சாலைக்கு மேற்கே. பால் சொசைட்டியும் பள்ளிக்கூடமும் அதே மேற்குப் பக்கத்தில், தெற்கே எண்ணூறு மீட்டர் தொலைவில். எங்கள் பக்கத்துத் தடங்களில் வாகனங்கள் வடக்கே சென்னையை நோக்கிச் செல்கின்றன. விதிப்படி சொசைட்டிக்குப் போக வேண்டுமானால், முதலில் வடக்கே ஒன்றரை கிலோமீட்டர் சென்று, இடத்தடத்திலிருந்து வலத்தடத்துக்கு மாறி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்களுக்கு முன்னால் மொபெட்டை மெதுவாக்கி, திட்டின் இடைவெளியில் திரும்பி, தெற்கே இரண்டரை கிலோமீட்டர் வந்து, அங்கேயும் ஓர் இடைவெளி தேடி மறுபடி திரும்ப வேண்டும். எண்ணூறு மீட்டர் போவதற்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல், அதில் இரண்டு முறை வலத்தடத்தில் உயிரைப் பணயம் வைத்து நிற்க வேண்டும். இதற்கு ஓரமாக எண்ணூறு மீட்டர் எதிர்த்திசையில் போய்விடுவது பாதுகாப்பானது என்று எங்கள் ஊர்ப் பெண்கள்கூட நினைக்கிறார்கள். தவறுதான். சர்வீஸ் ரோடு எங்கள் ஊருக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

வலத்தடத்தில் மெதுவாகச் செல்லும் பைக்கையும் டிராக்டரையும் கண்டு கோபப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அவர்கள் யூ-டர்ன் எடுக்கப் போகிறவர்கள். திரும்பும் இடத்தையே வலத்தடத்தில் வைத்துவிட்டால் மெதுவாகச் செல்கிறவன் அங்கே வராமல் எப்படித் திரும்புவான்?

நிதானவேகம்

இந்த இழையில் இதுவரை எல்லோரும் லாரியைப் பற்றியே எழுதியிருப்பதால், காரில் மெதுவாகச் செல்கிறவர்களின் பக்கத்தையும் எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் எண்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. ஓட்டுநர் உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன; பின்னிருக்கையில் என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருப்பார்கள். பன்னிருசக்கரம் ஐயா சொன்ன அதே காரணங்களுக்காக நானும் வலத்தடத்தில்தான் செல்கிறேன். பின்னால் வருகிறவர்கள் பம்பருக்கு ஓர் அடி தூரத்தில் வந்து விளக்கை அடிப்பதும், முந்திய பிறகு வேண்டுமென்றே கட் அடித்து பிரேக் போடுவதும், சன்னல் வழியே ஏதோ கத்துவதும் எனக்குப் பழகிப்போன காட்சிகள். பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் கத்தல் சற்றுக் கூடும்.

என் கேள்வி இதுதான்: பலகையில் எழுதியிருக்கும் வேகத்தில் நான் செல்லும்போது, அதை மீறிச் செல்ல விரும்புகிறவருக்கு நான் ஏன் விலக வேண்டும்? செங்கைவாசி ஐயா நான்கு கிலோமீட்டர் லாரிக்குப் பின்னால் சென்றதைப் பெரிய துன்பமாக எழுதியிருக்கிறார். ஐம்பதில் நான்கு கிலோமீட்டர் என்பது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. நூறில் சென்றிருந்தால் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. வித்தியாசம் இரண்டரை நிமிடம்.

செங்கைவாசி

கணக்கு சரிதான், அம்மா, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். தொழுதூரில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் அதில் சேராது.

சட்டப்புள்ளி

நிதானவேகம் அவர்களின் கேள்வி நியாயமானது. இருந்தாலும் பதில் அவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

வேக வரம்பு என்பது எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது; வலத்தடத்தில் யார் இருக்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. முந்தி முடித்த பிறகு இடப்புறம் வர வேண்டிய கடமை, எண்பதில் செல்கிறவருக்கும் உண்டு, நூறில் செல்கிறவருக்கும் உண்டு. பின்னால் வருகிறவர் வரம்பை மீறினால் அவரைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. உங்கள் காரைத் தடுப்பாக நிறுத்தி அதைச் செய்ய வேண்டிய பொறுப்பை உங்கள் மேல் யாரும் சுமத்தவில்லை. தவிர, வரம்பு எது என்பதே இங்கே தெளிவாக இல்லை. 2018 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, நடுத்திட்டுள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு 100, சரக்கு வாகனத்துக்கு 80 என்று உயர்த்தியது. விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அதை ரத்து செய்தது. உங்கள் பலகையும் அவர் நினைப்பதும் வேறு வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே வேளையில், ஓர் அடி தூரத்தில் பின்தொடர்வதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் நகர்கிறது. இரண்டு நொடி இடைவெளி என்றாலே 55 மீட்டர் வேண்டும். விளக்கை அடித்துக்கொண்டு ஓர் அடியில் வருகிறவர், முன்னால் செல்கிறவர் விலகுவதற்கு வேண்டிய நிதானத்தையும் பறித்துவிடுகிறார்.

குடந்தையான்

விலகச் சொல்லித்தானே விளக்கை அடிக்கிறோம்?

நிதானவேகம்

ஒருமுறை அடித்தால் அது வேண்டுகோள். இருபது முறை அடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது, கை நடுங்கும்போது நான் தடம் மாற மாட்டேன்.

சட்டப்புள்ளி அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். இனி இடத்தடத்தில் செல்ல முயல்கிறேன். ஆனால் நின்றுகொண்டிருக்கும் லாரியைக் கண்டு நான் வலப்பக்கம் வர இண்டிகேட்டர் போடும்போது, அங்கே வருகிறவர்கள் ஒரு நொடி காலை எடுக்க வேண்டும். இன்று அப்படி எடுக்கிறவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். இண்டிகேட்டரைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஒருமுறை இடத்தடத்தில் மாட்டிக்கொண்டால் மறுபடி வெளியே வர முடியாது என்ற பயம்தான், என்னைப் போன்றவர்களை வலத்தடத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கச் செய்கிறது.

சாலைக்கோடு

நெடுஞ்சாலைப் பணிகளில் ஒப்பந்தப் பொறியாளராக இருந்தவன். நிதானவேகம் எழுதிய கடைசி வாக்கியத்தை நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இருபுறமும் இரண்டிரண்டு தடங்கள் உள்ள சாலைக்குத் தார்ப்பரப்பின் பருமனைக் கணக்கிடும்போது, ஒரு திசையில் செல்லும் வணிக வாகனங்களில் 75 விழுக்காடு ஒரே தடத்தில் செல்லும் என்று வைத்துக்கொள்ளும்படி இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை கூறுகிறது. அந்தத் தடம் பொதுவாக இடத்தடம். பல ஆண்டுப் பாரத்தில் அங்கே சக்கரத் தடங்கள் பள்ளமாக விழுகின்றன. போதாக்குறைக்கு, திட்டுள்ள சாலையின் ஒவ்வொரு பக்கமும் நேரான பகுதிகளில் வெளியோரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மழைநீர் வலத்தடத்திலிருந்து இடத்தடத்துக்கு வடிந்து, அந்தப் பள்ளங்களில் தேங்கும். மழை நாளில் லாரிகள் மட்டுமல்லாமல் கார்களும் வலப்பக்கம் ஒதுங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பராமரிப்புக்கு ஆள் வந்தாலும், அரளிக்குத் தண்ணீர் ஊற்றும் டேங்கர் வலத்தடத்தில்தான் நின்று நகரும். ஆக, முந்துவதற்கென்று வைத்த தடத்தில் நாளின் மிக மெதுவான வாகனத்தை நிர்வாகமே அனுப்புகிறது.

லாரி லாரியை முந்துவதைப் பற்றியும் ஒரு கணக்கு. 2015 அக்டோபருக்குப் பின் தயாரான பெரும்பாலான சரக்கு வாகனங்களில், எண்பதைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். பாரமும் கருவியும் சேர்ந்து எல்லா லாரிகளையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. அறுபதில் செல்லும் லாரி, ஐம்பத்தெட்டில் செல்லும் லாரியை முந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் நீளமும் பத்துப் பத்து மீட்டர், முன்னும் பின்னும் இருபது மீட்டர் இடைவெளி என்றால், கூடுதலாகக் கடக்க வேண்டியது 60 மீட்டர். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேக வேறுபாட்டில் அதற்கு 108 நொடிகள் ஆகும். அதற்குள் அந்த லாரி 1.8 கிலோமீட்டர் வலத்தடத்தில் சென்றிருக்கும். நூறில் வரும் கார் அதே நேரத்தில் மூன்று கிலோமீட்டர் வரும். அதாவது முந்தத் தொடங்கும்போது 1.2 கிலோமீட்டர் பின்னால், லாரியே கண்ணில் படாத இடத்தில் இருந்த கார்கள்கூட வரிசையில் வந்து சேர்ந்துவிடும். அவர்களுக்கெல்லாம் இது மறிப்பதாகத்தான் தெரியும். லாரி ஓட்டுநருக்கோ, இப்போதுதான் முந்தத் தொடங்கியதாகத் தெரியும். வேக வேறுபாடு ஐந்தாக இருந்தால் 43 நொடியில், 720 மீட்டரில் முடிந்துவிடும். ஆகவே பன்னிருசக்கரம் போன்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக முந்தாதீர்கள்.

பன்னிருசக்கரம்

கணக்கு எனக்குப் புரிந்தது, என் மகனுக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. இரவு முழுதும் என்னைக் கேள்வி கேட்டான். ஆனால் ஐம்பத்தெட்டில் போகிற வண்டிக்குப் பின்னால் போகும்போது முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. தார்ப்பாய் கட்டிய பாடி எல்லாவற்றையும் மறைக்கும். முந்தினால் சாலை கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகவே முந்துகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் பின்னால் கார்கள் வரிசை கட்டி வரும்போது முந்தாமல் இருக்கலாம் என்பதை ஏற்கிறேன்.

ஈப்போவாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வடக்கு–தெற்கு விரைவுச்சாலை, தாய்லாந்து எல்லையருகே உள்ள புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்வது. எங்கள் வட்டாரத்தில் அதுவும் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு தடம்தான். இங்கும் இடப்புறம் ஓட்டுவதே வழக்கம், இங்கும் வலத்தடத்தில் தொண்ணூறில் உட்கார்ந்துகொண்டு அசையாத கார்கள் உண்டு. ஆகவே இதைத் தமிழ்நாட்டுக்கே உரிய குணம் என்று யாரும் வருந்த வேண்டாம்.

ஆனாலும் லாரிகள் இங்கே பெரும்பாலும் இடத்தடத்தில் இருக்கின்றன. ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் லாரிகள் மாட்டுவண்டி போலத்தான் ஏறும்; ஆனால் இடப்பக்கமாக ஏறும். ஓட்டுநர்கள் மிக ஒழுக்கமானவர்கள் என்பது இதற்குக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சாலைக்குள் டிராக்டர் வராது, கால்நடை வராது, கம்பத்துக்காரர் (கிராமத்தவர்) சைக்கிளில் குறுக்கே வர வழியில்லை, திட்டில் யூ-டர்ன் இடைவெளியே கிடையாது. சாலைகள் பிரியும் சந்திப்புகள் எல்லாம் மேம்பாலத்தில். பழுதான வண்டிக்கு அவசரத் தடம் தனியாக இருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் உண்டு, அவற்றுக்குக் கட்டணம்கூட இல்லை, ஓரமாகவே செல்கின்றன. பன்னிருசக்கரம் ஐயா பட்டியலிட்ட பயங்களில் முக்கால்வாசி இங்கே இல்லை.

சாலைக்கோடு

ஈப்போவாசி சொன்னதற்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெங்களூரு–மைசூரு சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. ஆனால் அவை செல்லப் பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு போடப்பட்டது. ஊரோரத்தின் ஊருக்கு அந்தச் சர்வீஸ் ரோடு இல்லாமல் தடையை மட்டும் கொண்டுவந்தால், அவர் பாலை எங்கே கொண்டுபோய் ஊற்றுவார்?

குடந்தையான்

முதலில் நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, அபராதமும் வேண்டும். ஆனால் இடத்தடத்தில் நிறுத்திய லாரிக்கு முதலில் விதிக்கட்டும்.

செங்கைவாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் திருச்சி சென்றபோது, உளுந்தூர்பேட்டையிலிருந்து சமயபுரம் சுங்கச்சாவடி வரை இடத்தடத்திலேயே செல்வது, தவிர்க்க முடியாதபோது மட்டும் வலத்தடத்துக்கு வந்து உடனே திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு முறை தடம் மாறும்போதும் என் மனைவி காரணத்தைப் பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார்.

மொத்தம் முப்பத்தொரு முறை. மெதுவாகச் சென்ற வாகனங்களை முந்தியது பதினான்கு. இதில் குறை சொல்ல ஏதுமில்லை, தடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகப் பயன்படுத்தியதுதான். நிறுத்தியிருந்த வாகனங்களுக்காக ஆறு. அவற்றில் ஒன்றுக்குத்தான் எச்சரிக்கை முக்கோணம் இருந்தது. எதிர்த்திசையில் வந்த பைக்குகளுக்காக ஐந்து. சாலையிலேயே நின்று ஆள் ஏற்றிய பேருந்துகளுக்காக மூன்று. பெரம்பலூருக்கு முன்னும் பின்னும் சாலையோரத்தில் காயவைத்திருந்த மக்காச்சோளத்துக்காக மூன்று. தடத்தில் கால்வாசிக்குமேல் சோளம், அதைச் சுற்றிக் கல் அடுக்கு. வெயில் ஏறிய பிறகு சென்றதால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. இரவில் அந்தக் கற்களை நான் கண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

வழக்கத்தைவிடப் பதினொரு நிமிடம் கூடுதலாக ஆனது. பாடாலூர் அருகே ஒரு லாரியை முந்திவிட்டுத் திரும்ப மறந்து ஏதோ பேசிக்கொண்டே சென்றிருக்கிறேன். "பின்னால் ஒருவர் வெகுநேரமாக விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார், யாருக்கு என்று பாருங்கள்" என்று மனைவி சொன்ன பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். எத்தனை கிலோமீட்டர் அப்படிச் சென்றேன் என்று குறிப்பில் இல்லை. குறித்துக்கொண்டிருந்தவரும் பேச்சில் இருந்தார்.

பன்னிருசக்கரம்

தம்பி, முப்பத்தொன்றில் பதினேழு முறை காரே விலக வேண்டியிருந்தால் பன்னிரண்டு சக்கரத்தின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள். பகலில் இனி நானும் முடிந்தவரை இடப்பக்கம் ஓட்டிப் பார்க்கிறேன். இரவில் அப்படி ஓட்ட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊரோரம்

செங்கைவாசி ஐயா, ஓர் உதவி. எங்கள் ஊருக்குச் சர்வீஸ் ரோட்டை நீட்டக் கோரி, வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். இதற்கு முன் இரண்டு முறை கொடுத்து ஒப்புகைச் சீட்டு மட்டும் வாங்கி வந்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர் ஒருவர் எடுத்த கணக்கு என்று உங்கள் குறிப்பையும் இணைத்தால் மனுவுக்குக் கொஞ்சம் வலு கூடும். நகல் அனுப்ப முடியுமா?

செங்கைவாசி

தாராளமாக. இன்றிரவே தட்டச்சு செய்து தனிமடலில் அனுப்பிவிடுகிறேன்; இடங்களின் பெயரையும் நேரத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

ஊரோரம்

மிக்க நன்றி, கிடைத்தது. மக்காச்சோள வரியை மட்டும் நீக்கி இன்னொரு நகல் அனுப்புங்கள், ஐயா. அந்த மூன்று குவியலில் ஒன்று எங்கள் சித்தப்பாவுடையது. மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.